பௌதிகவியலில் எஸ் வந்துவிட்டது. நல்ல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?

மஸ்கெலியா_மழை

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் முதல் தடவை எழுதினேன். பெறுபேறு இதுதான்: உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி. தரம் 11 இல் எழுதிய சாதாரண தரத்திலும் மற்றப் பாடங்கள் ஏ, பி என்று வர, விஞ்ஞானம் மட்டும் சி.

தரம் 12 தொடங்கி 14 மாதம் எங்களுக்குப் பௌதிக ஆசிரியர் இல்லை. அப்புறம் ஒருவர் வந்தார், மின்னியல் பாதியில் இருக்கும்போது இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். சனிக்கிழமைகளில் அட்டனுக்கு டியூசன் போனேன். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் போய் உட்கார முடியும்.

எனக்குப் பேராதனையில் விவசாயம் படிக்க ஆசை. இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவே தயக்கமாக இருக்கிறது. அமெரிக்காவில் சில கல்லூரிகள் வசதியில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் கொடுக்கின்றன என்று ஒரு அக்கா சொன்னார். எஸ் எடுத்தவள் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்கிறார் மாமா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, "நீ யோசி" என்று மட்டும் சொன்னார்.

திரும்ப எழுதுவதா, இருப்பதை வைத்து விண்ணப்பிப்பதா? அந்த எஸ் வெளியே தெரியாமல் விண்ணப்பிக்க ஏதாவது வழி உண்டா?

பூண்டுலோயா_82

திரும்ப எழுதுங்கள். 3 தடவை எழுத இடம் இருக்கிறது, நீங்கள் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறீர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஊவாக்காற்று

யோசிக்க நிறைய இருக்கிறது அண்ணா.

தங்கச்சி, நான் பதுளையில் படித்து, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவன். எனக்கும் இரசாயனவியலில் எஸ்தான். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுத்தைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை, இசட் புள்ளியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஏ, பி, எஸ் எல்லாம் ஊருக்குச் சொல்லத்தான்.

இசட் புள்ளி என்றால் அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பது. உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். 3 பாடத்துக்கும் அப்படி எடுத்து அதன் சராசரியைப் போடுவார்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன், உண்மை எண்கள் இல்லை: ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 46 எடுத்தவருக்குக் கிடைப்பது எஸ். ஆனால் அவருடைய இசட் 0.4, அதாவது சராசரிக்கு மேலே. வேறொரு பாடத்தில் சராசரி 60 என்றால் 57 எடுத்து சி வாங்கியவர் சராசரிக்குக் கீழே நிற்கிறார். எல்லோருக்கும் கஷ்டமான பாடத்தில் வாங்கிய எஸ்ஸும் எல்லோருக்கும் இலகுவான பாடத்தில் வாங்கிய சியும் ஒரே தராசில் நிற்பதில்லை. அதனால் எஸ் என்ற எழுத்தைப் பார்த்து அழாமல், பெறுபேற்றில் இருக்கும் இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் பாருங்கள்.

அடுத்தது மாவட்டம். விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையோடு நேருக்கு நேர் ஓட வேண்டிய ஓட்டம் 40 வீதத்தில் மட்டும்தான். உங்கள் மாவட்டத்துக்கு முந்திய வருடங்களில் வந்த வெட்டுப்புள்ளிகளை, அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளிகளை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எடுத்து, உங்கள் புள்ளியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டன்சினன்_ராசா

மாவட்டக் கோட்டா என்று பெரிதாகச் சொல்கிறீர்கள். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பெயர் பதிந்து அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டு போவது யாருக்குத் தெரியாது? எங்கள் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை, கடைசியில் இடமும் இல்லை. இதைப் பேசாமல் பிள்ளையைத் திரும்ப எழுது என்று சொல்வது சரியில்லை.

ஊவாக்காற்று

அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை, பேச வேண்டியதுதான். தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு விண்ணப்பப் படிவம் இப்போது கையில் இருக்கிறது. இந்த இழை அவருக்காக இருக்கட்டும்.

கொட்டகலை_டீச்சர்

நான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்று, 16 வருடமாகப் பௌதிகம் படிப்பிக்கிறேன். மகள், உங்கள் கேள்வியில் ஒரு தகவல் இல்லை. எஸ் வந்தது எங்கே? பல்தேர்விலா, படிப்படியாகச் சின்னக் கேள்விகள் கேட்கும் அமைப்புக் கட்டுரையிலா, கட்டுரையிலா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளி கசியும் இடம் அநேகமாக அமைப்புக் கட்டுரைதான். 2ஆம் வினாத்தாளில் அந்த 4 கேள்விகளும் கட்டாயம். அவற்றில் கூடுதலானவை பரிசோதனையைச் சுற்றித்தான் வரும். சுரமானியில் தாங்கியை எங்கே நகர்த்துவாய், திருகுக் கணிச்சியில் பூச்சிய வழுவை எப்படிப் பார்ப்பாய், மின்னழுத்தங்களை ஒப்பிடும் அழுத்தமானியில் முதலில் எதைச் சரிபார்ப்பாய் என்று கேட்பார்கள். சாமானைக் கையால் தொட்ட பிள்ளை 2 வரியில் எழுதிவிட்டுப் போகும். தொடாத பிள்ளை சூத்திரத்தை எழுதி வைத்துவிட்டு, ஏன் புள்ளி வரவில்லை என்று தெரியாமல் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு மூளை குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். அழுத்தமானியைக் கண்ணால் காணாமலே பரீட்சை மண்டபத்துக்குப் போன பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் வலிக்கிறது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். கடந்த கால வினாத்தாள் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, பல்தேர்வு 50 ஐயும் 2 மணித்தியாலத்தில் செய்யுங்கள். பிழைத்த கேள்விகளை அலகு வாரியாகப் பிரித்து இங்கே போடுங்கள். அதைப் பார்த்த பிறகு திரும்ப எழுதுவதா இல்லையா என்று பேசலாம். பிழைகள் எல்லா அலகிலும் சிதறிக் கிடந்தால் ஒரு பேச்சு. 2 அலகில் குவிந்து கிடந்தால் பேச்சே வேறு.

பண்டாரவளை_நடை

அந்த அக்கா சொன்ன அமெரிக்கக் கதைக்கு நான் பதில் சொல்கிறேன். நான் அங்கே ஒரு சிறிய கல்லூரியில் 3ஆம் வருடம் படிக்கிறேன். அப்பா மரக்கறிக் கடையில் கணக்கு எழுதுகிறார். எனக்கு சாதாரண தர விஞ்ஞானம் சி, முதல் தடவை உயர்தர இரசாயனவியல் எஸ். 10 கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். 9 இல் இல்லை என்றார்கள், 1 இல் எடுத்தார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் இது இலகு என்று நினைக்கக் கூடாது.

எஸ்ஸை மறைக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை தங்கச்சி. அங்கே தரம் 9 இலிருந்து 12 வரைக்கும் உள்ள புள்ளிகளைப் பாடசாலையே அனுப்ப வேண்டும். நம் விஷயத்தில் சாதாரண தரப் பெறுபேறும் அதற்குள் வந்துவிடும். மறைத்தது பிறகு தெரியவந்தால் கொடுத்த இடத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அவர்கள் வாசிக்கும் விதம் வேறு. இங்கே ஒரு எண் மட்டும் போகிறது. அங்கே புள்ளி, கட்டுரை, ஆசிரியர் கடிதம், பாடசாலையைப் பற்றிய விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்கிறார்கள். இந்தப் பிள்ளை இருந்த இடத்தில் என்ன கிடைத்தது, கிடைத்ததை வைத்து என்ன செய்தது என்று பார்ப்பார்கள். புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதற்கு நிறைய மதிப்பு உண்டு. நான் 2ஆம் தடவை எழுதி இரசாயனவியலை பி ஆக்கினேன். அந்த எஸ்ஸும் பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் எனக்கு உதவியது என்று நம்புகிறேன்.

கொமன் ஆப் என்ற, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பப் படிவத்தில் மேலதிகத் தகவல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பிரதான கட்டுரையில் எஸ்ஸைப் பற்றிப் புலம்பாதீர்கள், அது உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம். காரணத்தை இந்தப் பகுதியில், தகவலாக மட்டும் எழுதுங்கள். நான் எழுதியதன் முதல் வடிவத்தில் தோட்டம், மழை, அம்மாவின் கை என்று ஒரு பக்கம் இருந்தது. என் ஆங்கில ஆசிரியர் எல்லாவற்றையும் வெட்டி 4 வரி ஆக்கினார். உங்களுக்கு என்றால் இப்படி வரும்: "தரம் 12 இன் தொடக்கத்திலிருந்து 14 மாதம் எங்கள் பாடசாலையில் பௌதிக ஆசிரியர் இருக்கவில்லை. பாடசாலையில் பௌதிகப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வெளியூர் வகுப்புக்குப் போனேன். மீதிப் பகுதிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டி நூல்களை வைத்துத் தனியாகப் படித்தேன்." அவ்வளவுதான். இதையே அதிபரோ வகுப்பாசிரியரோ தங்கள் கடிதத்திலும் எழுதினால் அதன் பாரம் பல மடங்கு கூடும். நீங்களே சொன்னால் சாக்கு மாதிரித் தெரியும், அவர்கள் சொன்னால் சாட்சி.

பணம். வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்கிறது என்பதை அனுமதி முடிவில் கணக்கெடுக்காமல், எடுத்தவர்களுக்குத் தேவையான முழு உதவியும் கொடுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் அவற்றில் சில. அங்கே போட்டி மிகப் பயங்கரம். மற்றக் கல்லூரிகள் பல முழு உதவி கொடுக்கும், ஆனால் நீங்கள் கேட்கும் தொகையையும் பார்த்துத்தான் எடுப்பார்கள். கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தயவுசெய்து டவுனில் போர்டு போட்டிருக்கும் முகவர் யாருக்கும் காசு கட்டாதீர்கள். என் நண்பன் ஒருவன் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினான். இன்றுவரை எந்தக் கல்லூரியிலிருந்தும் அவனுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

பூண்டுலோயா_82

தம்பி நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் 10 இல் 1. இந்தப் பிள்ளை அமெரிக்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பௌதிகம் போய்விடும். எனக்கு இது பயமாக இருக்கிறது. என் தங்கை இப்படித்தான் 2 கனவுக்கு நடுவில் நின்று, கடைசியில் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். அதனால்தான் முதலில் சுருக்கமாகத் திரும்ப எழுது என்று சொன்னேன். கோபத்தில் சொன்னதாக எடுக்க வேண்டாம்.

பண்டாரவளை_நடை

அண்ணா, உங்கள் தங்கையைப் பற்றி வாசித்தபோது எனக்கும் கஷ்டமாக இருந்தது. நான் சொல்வதும் கிட்டத்தட்ட நீங்கள் சொல்வதுதான். இந்த வருடம் அமெரிக்கா வேண்டாம். 2ஆம் தடவை பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போகட்டும். அதற்குள் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

லிந்துலை_தாரகை

பெண் பிள்ளை என்பதால் ஒன்று சொல்கிறேன். பங்களாதேஷில் சிட்டகொங் நகரத்தில் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2008 இல் தொடங்கியது. என் சிநேகிதி அங்கே படித்தாள், அவள் வகுப்பில் பல நாட்டுப் பெண்கள், நிறையப் பேர் உதவித்தொகையில். புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இடம் இல்லை, நேர்முகமும் உண்டு. பட்டத்துக்கு முன்னால் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் அத்திவாரம் போடுகிற ஆயத்த வருடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நம்மைப் போலத் தமிழ் மொழியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் பெரிய விஷயம். தேயிலைத் தோட்டங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருந்து வரும் பெண்களுக்காகவே 2016 இல் தனியாக ஒரு திட்டமும் தொடங்கினார்கள். பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஒரு கல்வி நிதிய உதவித்தொகை கிடைக்கிறது, உயர்தரம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். உங்கள் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். இந்த விஷயம் லயத்துக்கு வந்து சேரும்போது முடிவுத் திகதி போய்விடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

மஸ்கெலியா_மழை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

டீச்சர், நேற்று இரவு பல்தேர்வு செய்தேன். 50 இல் 21 சரி. பிழைத்த 29 இல் மின்னியல் 11, அலைகளும் ஒலியும் 7, வெப்பம் 2, மிச்சம் அங்கொன்றும் இங்கொன்றும். பொறியியல் (விசை, இயக்கம்) பகுதியில் ஒன்றுதான் பிழை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பௌதிகமே எனக்கு வராது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகலை_டீச்சர்

மகள், உங்கள் கணக்கைப் பாருங்கள். பொறியியல் வருகிறது, வெப்பம் வருகிறது. 29 இல் 18 பிழை 2 இடத்தில் கிடக்கிறது, அதில் பெரிய இடம் உங்களுக்கு ஆசிரியர் பாதியில் விட்டுப்போன அலகு. யாரும் படிப்பிக்காத பாடத்தை நீங்கள் எழுதாமல் வந்திருக்கிறீர்கள். திரும்ப எழுதுங்கள், தயங்க வேண்டாம்.

புதிதாக டியூசன் தேடி அலைய வேண்டாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் வள நூல்களும் தமிழில் அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவையிலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. முதலில் மின்னியலை மட்டும் எடுங்கள். வாசித்த பகுதிக்குரிய கடந்த காலக் கேள்விகளை அன்றே செய்யுங்கள். செய்து முடித்த பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தை எடுத்து, எந்த வசனத்துக்குப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சரியாகத் தெரிந்திருந்தும் சொல்லத் தவறிய வசனம்தான் நிறைய இருக்கும். பரிசோதனைகளுக்குப் பக்கத்துப் பெரிய பாடசாலையில் ஒரு நாள் ஆய்வுகூடத்தைப் பார்க்க விடுவார்களா என்று உங்கள் அதிபர் மூலம் கடிதம் போடச் சொல்லுங்கள். கேட்டால் கிடைக்கும், நானே பிள்ளைகளை அப்படி அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

உயிரியலையும் இரசாயனவியலையும் விட்டுவிடாதீர்கள். 3 பாடமும் ஒரே அமர்வில் எடுத்ததுதான் கணக்கு. பௌதிகத்தைத் தூக்கப் போய் உயிரியல் பி இறங்கினால் இசட் புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஊவாக்காற்று

டீச்சர் சொன்னதோடு ஒன்று. திரும்ப எழுதினாலும் இந்த வருடப் பெறுபேற்றுக்கும் விண்ணப்பம் போடுங்கள். ஒரு வழி திறந்திருக்கட்டும். ஆனால் இடம் கிடைத்துப் பதிவு செய்துவிட்டால் பிறகு விட்டுவிட்டு வேறு பாடநெறிக்கு வருவதில் கட்டுப்பாடுகள் உண்டு. பதிவுக்கு முன்னால் மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, 4, 5 பாடநெறியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது. மருத்துவம், பேராதனை, யாழ்ப்பாணம், முடிந்தது. நான் கைநூலை 2 இரவு உட்கார்ந்து வாசித்தேன். உயிரியல் பிரிவுக்கு எத்தனை பாடநெறி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கு விவசாயம்தான் ஆசை என்றால் பேராதனை மட்டும் இல்லை. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, எங்கள் ஊவா வெல்லஸ்ஸவில் ஏற்றுமதி விவசாயமும் தேயிலைத் தொழில்நுட்பமும் இருக்கின்றன. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உண்டு. விருப்ப வரிசைப்படி போடுங்கள், கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடாதீர்கள். உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடியவற்றில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள். அதனால் ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது.

தேயிலைத் தொழில்நுட்பம் என்றதும் எங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். 4 தலைமுறையாகக் கொழுந்து பறித்தது போதாதா, அதையே படிக்கப் போகிறாயா என்று தாத்தா கேட்டார். கொழுந்து தொழிற்சாலைக்குள் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதை நம் வீட்டில் யாரும் பார்த்ததில்லை, நான் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மஸ்கெலியா_மழை

ஊவா அண்ணா, கடைசிப் பந்தியை அம்மா 2 தடவை வாசிக்கச் சொன்னார்.

முடிவெடுத்துவிட்டேன். இந்த வருடத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன், பேராதனை விவசாயம் முதலாவது, ஊவா வெல்லஸ்ஸவும் வரிசையில் இருக்கிறது. 2ஆம் தடவையும் எழுதுகிறேன். சிட்டகொங் பற்றி லிந்துலை அக்காவிடம் தனியாகக் கேட்கிறேன். அமெரிக்கா அடுத்த வருடம்.

மஸ்கெலியா_மழை

5 வாரத்துக்குப் பிறகு வருகிறேன். மின்னியல் முடிந்தது. வேறு வருட வினாத்தாளில் 50 இல் 29. அதிபர் கடிதம் கொடுத்தார், போன வெள்ளிக்கிழமை அட்டனில் ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்துக்குப் போனோம், என்னோடு இன்னும் 6 பேர். அழுத்தமானியை முதல் முதலாகப் பார்த்தேன். படத்தில் பார்த்து ஏதோ சின்னச் சாமான் என்று நினைத்திருந்தேன், மேசை நீளத்துக்கு இருக்கிறது.

டீச்சர், ஒரு சந்தேகம். சமநிலைப் புள்ளி கம்பியின் தொடக்கத்துக்குக் கிட்ட வந்தால் சுற்றை மாற்றி, அது கம்பியின் மறு முனைப் பக்கம் வரும்படி அமைக்க வேண்டும் என்று புள்ளித் திட்டத்தில் இருக்கிறது. எங்கே வந்தாலும் கல்வனோமானி பூச்சியம்தானே காட்டுகிறது, ஏன் மாற்ற வேண்டும்?

கொட்டகலை_டீச்சர்

நல்ல கேள்வி. மீற்றர்ச் சட்டத்தில் நீங்கள் விடக்கூடிய வழு 1 மில்லிமீற்றர் என்று வையுங்கள். சமநிலை நீளம் 5 சென்ரிமீற்றர் என்றால் அது 50 இல் 1. நீளம் 80 சென்ரிமீற்றர் என்றால் 800 இல் 1. வழு ஒன்றுதான், ஆனால் அதன் வீதம் எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: நீளத்தைக் கூட்ட, கம்பியோடு தொடராக எதைச் சேர்ப்பீர்கள், அது ஏன் வேலை செய்கிறது? சுற்றை வரைந்து போடுங்கள்.